பதினோரு ஆணி

என் அம்மா செல்லியம்மாள் சேவூரில் முப்பது வருடம் தார் சுற்றினாள். தறியில் ஊடையாக ஓடும் பட்டு இழையைச் சிறு குச்சிகளில் சுற்றித் தரும் வேலை. நெய்து முடித்த குச்சிகளில் கொஞ்சம் இழை மிஞ்சும். அதைக் கேட்டு வாங்கி வந்து மாலையில் பூ செய்வாள்.

அதற்கு அவளே ஒரு குட்டித் தறி செய்திருந்தாள். உள்ளங்கை அகலப் பலகை. டப்பா மூடியை வைத்துக் கோடு போட்டு, வட்டமாக அடித்த ஆணிகள். இழையை ஓர் ஆணியில் மாட்டி எதிர்ப்பக்கம் இழுப்பாள், மறுபடி இந்தப் பக்கம். நடுவில் ஊசியால் முடிந்து கழற்றினால் பூ. கல்யாணப் பெண்ணின் ஜடைக்கு, அவளுடைய முகூர்த்தப் புடவையின் இழையிலேயே செய்வாள். அந்தப் பொருத்தம் கடைப் பூவில் வராது.

நான் டூல் டிசைன் படித்தேன். ஒரகடத்தில் வேலை. ஒருமுறை ஊருக்கு வந்தபோது அவள் பலகையை எண்ணினேன். பதினோரு ஆணி. ஆணி தீர்ந்துபோச்சா என்று கேட்டேன். சிரித்தாள். அடுத்த முறை அலுமினியத்தில் வளையம் கடைந்து, முப்பது டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பின்கள் பொருத்திக் கொண்டுவந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். “எம் பொண்ணு மெஷின்ல செஞ்சது. தொடாதே, அழுக்காயிடும்.” போனில் எப்போது கேட்டாலும் அதில் பூ நல்லா வருது என்பாள்.

ஆவணியில் ஒருநாள் வேலை செய்யும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வந்த பஸ் ஆற்காடு தாண்டும்போது போன் வந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு மணிமேகலை அக்கா வந்தார். வெள்ளிக்கிழமை அவர் மகள் சரண்யாவுக்குக் கல்யாணம். அம்மா இருபத்தொரு பூ ஒப்புக்கொண்டிருந்தாள். டப்பாவில் பத்தொன்பது இருந்தன. சாவு வீட்டுப் பூ என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்களே என்றேன்.

“பேசினா பேசிகினு போவட்டும். அவங்க பூவுதான் சரண்யா தலையில ஏறணும்.”

மயில்கழுத்து நிறம். ஒரே ஒரு குச்சி மிச்சம். அதே சாயம் மறுபடி அப்படியே விழாது. இரண்டு பூவுக்குச் சரியாகக் காணும்.

நான் போடுகிறேன் என்றேன். என் வளையத்தை எடுத்தேன். பின்கள் புதிதாகவே இருந்தன, இழை உரசிய தடமே இல்லை. அவள் ஒருநாளும் அதைப் பயன்படுத்தவில்லை.

ஒரு பூ போட்டேன். ஒவ்வொரு முறையும் அடுத்த பின் எது என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு தடவை தப்பியது. முடித்து, பத்தொன்பதின் பக்கத்தில் வைத்தேன். தனியாகத் தெரிந்தது. அவற்றுக்கெல்லாம் பதினோரு இதழ்.

முடிச்சைப் பிரித்தேன். இழை லேசாகப் பிசிறியிருந்தது. இன்னொரு முறை பிரித்தால் தாங்காது. அம்மாவின் பலகையை மடியில் வைத்து, முதல் ஆணியில் மாட்டிவிட்டு அடுத்தது எது என்று தேடினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அதைக் கவனித்தார்.

“இன்னா கனி, மொறைச்சி மொறைச்சிப் பாக்கற? அவங்க பலகையைப் பாக்கவே மாட்டாங்க. ஊர்க்கதை பூரா பேசிகினே போடுவாங்க. எங்கிட்டயே என் கதையும் பேசுவாங்க.”

அப்போதுதான் புரிந்தது. பன்னிரண்டில் ஒவ்வோர் ஆணிக்கும் நேர் எதிரே ஓர் ஆணி உண்டு. இழை போன வழியே திரும்பிவிடும்; கண்ணால் பார்த்துத்தான் அடுத்ததற்கு மாற்ற வேண்டும். பதினொன்றில் நேர் எதிர் கிடையாது. எதிரே இருக்கும் இரண்டில் எப்போதும் இடப்பக்கத்து ஆணி என்று வைத்துக்கொண்டால், இழை தானாகவே வட்டம் முழுக்க நடந்துவிடும். கையே போதும்.

தெரிந்து அடித்தாளா, உண்மையிலேயே ஆணி தீர்ந்துவிட்டதா, தெரியாது. கேட்க இனி முடியாது.

இழையை எதிர்ப்பக்கம் இழுத்தபடி, இறந்த அன்று காலை அம்மா என்ன சாப்பிட்டாள் என்று அக்காவிடம் கேட்டேன். இத்தனை நாளில் யாரிடமும் அவளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

“பழைய சோறுதான். எங்க வீட்ல மோர்மொளகா எடுத்துகினு, காரமே இல்லன்னு கொறை சொல்லிகினே போனாங்க.”

எந்தப் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டேன். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். குனிந்து பார்த்தபோது ஊசி போடுவது மட்டும்தான் பாக்கி. எண்ணினேன். பதினொன்று.

அடுத்த பூவை எண்ணவில்லை.