நல்லம்மாள் டாக்டரின் நாற்பது முட்டைகள்

மேட்டூரில் நான் வேலை பார்க்கும் மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒரு தீவன லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கக்கூட இல்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி, “ஏனுங்க டாக்டர், நாமக்கல்லுல உங்ககூட இருந்த நல்லம்மா டாக்டரு போயிட்டாங்களாமாங்க. நெஞ்சுவலியாமா. முந்தாநேத்தே எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தனக்கு ஏதாவது ஆனால் ஆள் விட்டு யாரையும் அலைக்கழிக்க வேண்டாம் என்று தங்கையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். சாகும்போதுகூட நம்மை நிம்மதியாக விடவில்லை, பாருங்கள். நான் அவரிடம் நேரில் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது.

இரண்டே அறை கொண்ட ஒரு கோழிநோய் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் கால்நடை மருத்துவன், அவர் வைரஸ் ஆராய்ச்சியாளர். அவருடன் இருந்த உங்களுக்கெல்லாம் தெரியும், அது வேலை அல்ல, அன்றாடத் தண்டனை. ஒருமுறை சேலத்திலிருந்து கரு உள்ள முட்டைகளோடு பஸ்ஸில் வந்தோம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும், “பைய ஓட்டுங்க, உள்ள உசுரு இருக்குது” என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுத்தார். நடத்துநர் எரிச்சலில், “அப்ப முட்டைக்கும் டிக்கெட் எடுங்க” என்றார். “குடுங்க” என்று எடுத்தேவிட்டார்! பஸ்ஸே சிரித்தது. எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போலிருந்தது.

ஊரெங்கும் கோழிப்பண்ணைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கூடவே ஒரு நோயும் முளைத்தது. கோழி கொர்கொர்ரென்று இழுக்கும், தும்மும். முட்டை ஓடு சுருங்கிக் கோணிப்போகும். உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். கொரோனா என்ற வகை வைரஸின் வேலை. ராசப்பன் என்ற பண்ணைக்காரர் கோணல் முட்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து, “மனுசனுக்குக் காய்ச்சல்னா மாத்திர இருக்குது. என்ற கோழிக்கு ஒரு மருந்து இல்லீங்களா?” என்று கேட்டார். ஷெட்டைக் கழுவு, சுண்ணாம்பு அடி என்று நான் என் பழைய பாட்டைப் பாடினேன். நல்லம்மாள் மட்டும், “இப்ப இல்லீங்க. ஆனா இருக்கோணும்” என்றார்.

அன்று பிடித்தது எனக்குச் சனி. அவர் எண்ணம் இதுதான். அந்த வைரஸின் மேலே முள் முள்ளாக ஒரு புரதம் இருக்கிறது. அதை வைத்துத்தான் கோழியின் செல்லைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே ஆர்.என்.ஏ. என்ற நீண்ட இழை. செல்லுக்குள் புகுந்ததும் அந்த இழையைப் படியெடுப்பதற்கென்றே வைரஸ் இன்னொரு புரதத்தைச் செய்துகொள்கிறது. “முள்ளு வருசத்துக்கொரு வேசம் போடுமுங்க. படியெடுக்கறது அப்படிச் சட்டுனு மாறாது. அது கோழிகிட்டக் கெடையவும் கெடையாது. கோழிகிட்ட இல்லாததப் பாத்து அடிச்சா, கோழி பொழச்சுக்கும்.” இதை டீ குடிக்கும்போது சொன்னார், கோப்பு எழுதும்போது சொன்னார், என் மகளின் காதுகுத்து விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் சொன்னார். இரண்டு வருடம் கடிதம் எழுதி, கொஞ்சம் வெள்ளைப் பொடியை எங்கிருந்தோ வரவழைத்தார். அது ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றைப் போலவே இருக்கும் ஒரு பொய் எழுத்து. படியெடுக்கிற புரதம் ஏமாந்து அதைச் சேர்த்துக்கொண்டால் இழை பாழாகிவிடும் என்பது அவர் கணக்கு.

சோதனைக்கு நாற்பது முட்டை வேண்டும். நாற்பதிலும் வைரஸை ஏற்றிப் பாதிக்கு மட்டும் மருந்து கொடுப்பது. நோய் பிடித்த கரு வளராமல் பந்தாகச் சுருண்டுவிடும். மருந்து பலித்தால் நன்றாக வளரும். முட்டை எல்லாம் ஒரே ஷெட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும், பண்ணையிலேயே ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஷெட்டின் பெயரை எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். தாய்க்கோழி தன் எதிர்ப்புச் சக்தியை முட்டைக்குள் வைத்து அனுப்பும் என்பதால், “தாய் யாருன்னு தெரியாம முட்டையத் தொடாதீங்க” என்பார்.

வாங்கப் போனது நான். நாமகிரிப்பேட்டைப் பண்ணையில் இருபதுதான் தேறியது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. மீதி இருபதை வழியில் ராசப்பனிடம் இன்னொரு தட்டில் வாங்கி, நாற்பதிலும் ஒரே பெயரை எழுதினேன். நல்லம்மாள் இரண்டு தட்டுகளையும் வாங்கிக்கொண்டு, “எல்லாம் ஒரே ஷெட்டுதானுங்களா, டாக்டர்?” என்றார். இல்லையென்றால் அந்த வெயிலில் திருப்பி அனுப்புவார். “ஒரே ஷெட்டுதானுங்க” என்றேன். அதை நம்பி, ஒரு தட்டுக்கு மருந்து கொடுத்தார், மற்றதை மருந்தில்லாமல் வைத்தார்.

உடைத்துப் பார்த்த அன்று மருந்தில்லாத தட்டில் எல்லாம் சுருண்டு கிடந்தன. மருந்துத் தட்டில் ஒன்றுகூடச் சுருளவில்லை. நல்லம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அந்த மனுஷி அழுது அன்றுதான் பார்த்தேன். அப்போதும் இரண்டு ஷெட் என்பதை நான் சொல்லவில்லை. மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. செய்தி பண்ணை பண்ணையாகப் பரவியது.

அடுத்த வாரம் ராசப்பன் ஒரு வாழைத்தாரோடு வந்தார். “மருந்து பலிச்சுதாமா? என்ற முட்டையும்தானுங்களே அதுல இருக்குது! புதுக்கோழிக்கெல்லாம் கண்ணுல சொட்டு மருந்து உட்டிருக்கறனுங்க. அம்மாவுக்குப் போவுதுன்னு அந்தக் கோழி முட்டையாப் பொறுக்கிக் குடுத்தேன்.” மரியாதைக்காகக் கொடுத்த முட்டைகள்! அந்தச் சொட்டு மருந்து வந்த நோயைத் தீர்க்காது, இதே நோய் வராமல் தடுக்கப் புதிதாக வந்திருந்த தடுப்பு மருந்து. மருந்து கொடுத்த தட்டு ராசப்பனுடையதாக அமைந்துவிட்டது. கருவைக் காப்பாற்றியது பொடி அல்ல, தாய்க்கோழி. நல்லம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். தானே போய், ஒரே ஷெட்டில் நாற்பது முட்டை வாங்கிவந்து மறுபடி செய்து பார்த்தார். நாற்பதும் சுருண்டன.

பண்ணைக்காரர் கூட்டத்துக்குப் போகும் முன், “ரெண்டாவது சோதனையைக் கிடப்புல போடுங்க, யாரு கேக்கப்போறாங்க?” என்று கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேடையேறி, “மருந்து பலிக்கலீங்க. முட்டை ரெண்டு ஷெட்டுதுங்க. தட்டுத் தட்டா அப்படியே வெச்சது, ரெண்டையும் கலந்து வெக்காதது என்ற தப்புங்க. மருந்து வருதுன்னு நம்பிச் சொட்டு மருந்த நிறுத்திப்போடாதீங்க” என்றார். என் பெயரே வரவில்லை. வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன். “ஏனுங்க என் பேரைச் சொல்லல?”

“உங்க தப்ப நான் எப்படிங்க சொல்றது? அத நீங்கதான் சொல்லோணும்.”

இப்படி ஒரு மனுஷியை என்ன செய்வது, சொல்லுங்கள்! ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை, “முட்டை டாக்டர்” என்ற பட்டம்தான் வந்தது. டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒருமுறை அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு அவர் முகத்தில் விழிக்க முடியாமல் மேட்டூருக்கு மாற்றல் வாங்கினேன். கிளம்பும் அன்று என் சட்டைப்பையில் ஒரு பென்சில் துண்டைச் செருகி, “வெச்சுக்குங்க” என்றார்.

அந்தப் பொடிதான் தோற்றது. அவர் குறி வைத்த இடம் சரியென்றே இன்றும் நினைக்கிறேன். என்றாவது யாராவது அங்கே அடிப்பார்கள். நல்லம்மாளைத் தெரிந்தவர்களே, முட்டைக் கதையை இனி எங்கே சொன்னாலும் என் பெயரில் சொல்லுங்கள். அவர் நினைவாக என்னிடம் இருப்பவை அந்தப் பென்சில் துண்டும், அன்று தட்டை வாங்கும்போது அவர் கேட்ட கேள்வியும்தான். பதிலை அந்தப் பென்சிலாலேயே எழுதுகிறேன்.

இல்லீங்க, டாக்டர். ரெண்டு ஷெட்டு. எழுதினது நான்தான்.