ஓடைக்கு முந்தைய முடிச்சு

எங்கள் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வந்த வருஷம், மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலை வடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையோரத்து ஊர் எங்களுடையது. கிணறுகள் ஆழம், ஆகவே வடமும் நீளம். அப்பா அதைப் பரணில் போடச் சொன்னார். அம்மா அதற்கு வேறு வேலை வைத்திருந்தாள்.

சித்தப்பாவுக்கு அம்மையில் கண் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யார் கையையாவது பிடித்துத்தான் வெளியே போக வேண்டும் என்பதால் போவதையே விட்டுவிட்டு, வீட்டு மூலையில் கிடந்தார். அம்மா எங்கள் வாசலிலிருந்து பஸ் நிற்கும் வேப்பமரம் வரை கவட்டைக் கம்புகளை நட்டு, இடுப்புயரத்தில் அந்த வடத்தைக் கட்டினாள். மரத்துக்குச் சற்று முன்னால் ஒரு வறண்ட ஓடை குறுக்கிடும். அந்தப் பள்ளத்துக்கு ஓரடி முன்னால் வடத்தில் ஒரு பெரிய முடிச்சு. அவ்வளவுதான் அவள் செய்தது.

ஒரே மாதத்தில் சித்தப்பா வேறு ஆளாகிவிட்டார். காலையில் தானே நடந்து மரத்தடிக்குப் போவார். பஸ் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் என்று சொல்வார். பருத்தி மூட்டையோடு நிற்பவர்களிடம் வம்பளப்பார். அவர் சிரிப்பு எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

அந்த வடத்தைத்தான் நான் உருவினேன். திருச்சுழித் தேர் பார்த்துவிட்டு வந்த மறுநாள், நாங்களும் சோளத்தட்டையில் ஒரு தேர் கட்டினோம். தேர் என்றால் வடம் வேண்டுமே. சித்தப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் அவிழ்த்துக்கொண்டு போய், முறைப்படி வடத்துக்குக் குங்குமம் பூசி, தெருவெல்லாம் இழுத்தோம். பொழுது சாய்வதற்குள் முன்போலவே கட்டிவிட்டேன். முன்போலவே என்றுதான் நினைத்தேன். முனை மாறியிருந்தது. ஓடைப் பக்கம் இருக்க வேண்டிய முடிச்சு வாசல் பக்கம் வந்திருந்தது.

மறுநாள் காலை, வாசலைத் தாண்டியதுமே சித்தப்பாவின் கை முடிச்சில் பட்டது. நின்று காலால் தடவினார். பள்ளம் இல்லை. மதினி எதற்கோ மாற்றிக் கட்டியிருக்கிறாள் என்று முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டு நடந்தார். பல்குச்சியோடு நின்ற எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் வடத்தை எடுத்தது தெரிந்துவிடும். நான் கூப்பிடவில்லை.

ஓடையில் விழுந்ததில் அவருக்கு வலது கை ஒடிந்தது. கண் தெரியாதவனை அலையவிட்டது நீதான், முதலில் அதை அவிழ்த்து எறி என்று அப்பா அம்மாவிடம் கத்தினார். அம்மா வடத்தை ஒட்டிக் கடைசி வரை நடந்தாள். ஓரிடத்தில் நின்று வடத்தில் எதையோ முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். திரும்பி வந்து, "முடிச்ச நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள்.

"அவுக்க வேணாம் மதினி" என்றார் சித்தப்பா. "அவுத்தா மறுபடியும் அந்த மூலைதான் எனக்கு. நாளைக்கும் நான் போவேன்."

"இன்னொரு கையும் போகட்டுங்கியா?" என்றார் அப்பா.

"போனா, பல்லால கவ்விக்கிட்டுப் போறேன்."

போனார். போகும்போது வடம் இடப்பக்கம் இருந்ததால் சிரமம் இல்லை. திரும்பும்போது நண்டைப்போலப் பக்கவாட்டிலேயே நடந்து வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அவருக்கு முன்னால் அன்று நடந்தவன் நான். விடிந்ததும் அம்மா என்னை எழுப்பி வாசலில் நிறுத்தி, "கண்ண மூடிக்கிட்டு மரம் வரைக்கும் நட. முழிச்சுப் பாக்கக் கூடாது" என்றாள். அன்று மட்டுமல்ல, படிப்புக்காக ஊரைவிட்டுப் போகும்வரை தினமும் நடந்தேன். அம்மா மறுபடியும் ஓடைப் பக்கம் போட்டிருந்த முடிச்சு கையில் படும்வரை, ஒவ்வொரு நாளும் காலால் தரையைத் தடவித் தடவித்தான் போவேன்.

அம்மா, சித்தப்பா இருவருமே இன்று இல்லை. இருந்தவரை நான் சொல்லவும் இல்லை. வீட்டில் இத்தனை பேர் இருக்க, அம்மா என்னைப் பொறுக்கி எடுத்ததில் அப்போது எனக்குப் பெருமைகூட இருந்தது. அன்று வடத்தைத் துடைத்த அவள் முந்தானையில் அந்தச் சிவப்புக் கறை வெகுநாள் போகவில்லை. அது சித்தப்பாவின் ரத்தம் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.