பசுவுக்கு அஞ்சு மார்க்

மதிப்பெண் பட்டியல் வந்த உறையைக் கிழித்ததும் மைதாப் பசையின் புளித்த வாடை அடித்தது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஐந்து மாதமாக மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிறேன். எண், என்டர், எண், என்டர். விட்டுவிட்டு ஓடலாம் என்று தினமும் தோன்றுகிறது. ஓட இடம்தான் இல்லை.

என் சின்ன வயதில், சமயநல்லூர் வீட்டில் இதே வாடைக்குள் அம்மாவும் சித்தியும் மருந்துக்கடைக்குக் கவர் ஒட்டினார்கள். பழைய பரீட்சைத் தாளை மடித்து, பசை தடவி, அழுத்தினால் அடுத்தது. அப்பா எங்களை விட்டுப் போன வருடம் அது. ஒருநாள் அம்மா பசைக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

“இனிமே என்னால முடியாதுடி.”

சித்தி கையிலிருந்த தாளை உரக்க வாசித்தாள். “பசுவின் பயன்கள் யாவை? எங்க பசு செத்துப்போச்சு டீச்சர்.”

அம்மா நிமிர்ந்தாள். “எம்புட்டு மார்க்கு போட்டிருக்கு?”

“முட்டைதான்க்கா.”

“அடப்பாவிகளா! உள்ளதத்தானே எழுதிருக்கு பிள்ளை. அஞ்சு போடுடி!”

அம்மா சிரித்தாள், சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொரு தாளுக்கும் தாங்களே மார்க் போட்டுத்தான் ஒட்டினார்கள்.

என் திரையில் பதில்கள் இல்லை, வெறும் எண்கள்தான். பக்கத்து நாற்காலி செல்வி அக்கா காலையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டுகிறார். எனக்கு அடுத்து வருவது முப்பத்துநாலு.

“யக்கா, ஒரு மார்க்குல கோட்டைவிட்ட இந்தப் பய என்னத்தை எழுதியிருப்பான்?” என்று கேட்கப்போகிறேன். அவர் சிரிக்காவிட்டால் அடுத்த எண்ணுக்கும் கேட்பேன்.