பாஸ்வேர்டு கேட்காத பக்கம்

போன வாரம் நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு. வீடு இப்போது ஹோட்டல். அங்கே தங்கியிருந்த என் பள்ளித்தோழி உமையாள்தான் அழைத்திருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அது அவள் பிறந்து வளர்ந்த வீடு. சொந்த வீட்டில் ரூம் போட்டுத் தங்கியிருந்தாள்!

வேறென்ன செய்வாள்? அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பதினொரு பேர். ஊர் வழக்கப்படி பெண் பிள்ளைக்குப் பங்கு கிடையாது. பங்காளிகளில் ஒருவர் அவளுடைய ஒரே அண்ணன், சென்னையில் இருக்கிறார். உமையாள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை. அதனால் கணவர் பெயரில் புக் செய்து, மேனேஜரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் வந்திருந்தாள். தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

"இன்னும் ரெண்டு நாளுடி. கண்குளிரப் பாத்துட்டுப் போயிருவேன்," என்றாள்.

சாப்பிட்டு எழுந்தோம்... மேனேஜர் முருகேசன் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆச்சி, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

ஹோட்டலின் வைஃபையைக் கவனித்துக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம். எந்த அறையில் யார் போன், இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் பக்கம் அதில் உண்டு. பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்க வேண்டும். ஆனால் சாஃப்ட்வேரில் ஒரு குறை — அட்ரஸைத் தட்டினாலே எவருக்கும் திறந்துவிடுகிறது! 'உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது.

செய்ய வேண்டியதுதானே? அதுதான் முடியாது. பொது வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். இந்த ஊர் வழக்கம் அப்படி. முருகேசன் அன்று காலை பங்காளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அனுமதி கேட்டிருக்கிறார். அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று, அந்தப் பக்கத்தையே அட்ரஸோடு படம் பிடித்தும் போட்டுவிட்டார். 'அறை நான்கு — உமையாள் போன் — இன்னும் 2 நாள்.'

ரகசியம் கசிகிறது என்று சொல்வதற்கு ரகசியத்தையே போஸ்டர் அடித்து ஒட்டிய மனிதரை என்ன செய்வது?

நான் காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ட்ரங்க் கால் காலம். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், யாருக்கு உடம்பு முடியவில்லை... ஊருக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். வெளியே வந்தால் வாயைத் திறக்க மாட்டோம். கல்யாணமான புதிதில் உமையாள் இந்த வீட்டுக்கு ட்ரங்க் கால் போட்டாள். "அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது" என்று அண்ணன் ரிசீவரை வைத்ததை, லைன் கொடுத்த நானும் கேட்டேன். இன்றுவரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த எக்ஸ்சேஞ்சை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

"பத்துப் பேரு சரின்னு கட்டைவிரல் போட்டுட்டாக. உங்க அண்ணன் மட்டும் பாத்துட்டுப் பேசாம இருக்காக," என்றார் முருகேசன்.

உமையாள் அறைக்குப் போய்ப் புடவைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். "அவுக சொல்றதுக்கு முந்தி நானே கிளம்பிர்றேன்." எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து, எங்கள் பின்னாலேயே வந்திருந்த முருகேசனின் போன் அடித்தது. அண்ணன்தான்! முருகேசன் பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டார்.

"முருகேசு, அப்டேட்டு இப்ப வேணாம்."

"ஐயா, மத்த கெஸ்ட்டு பேரெல்லாம் வெளிய தெரியுதே..."

"தெரியும்ப்பா. ரெண்டே நாளு பொறு. காலையில இருந்து அந்தப் பக்கத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நாலாம் நம்பர்ல அவ பேரு இருக்கா, இருக்கான்னு... அத அடைச்சுப்புட்டா, அவ வீட்டுக்குள்ள இருக்கான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

உமையாள் போனை வாங்கினாள்.

"அண்ணே, பேரை என்னத்துக்குப் பாக்குறீக? ஆளை வந்து பாருங்க."

ஐந்தே நிமிடத்தில் குரூப்பில் பதினோராவது கட்டைவிரல் வந்தது. மறுநாள் காலை ரயிலில் ஆளே வந்துவிட்டார்.