அப்பாவின் முழுக்கைச் சட்டை

அம்மா முப்பது வருஷம் தக்காளி பறித்தவள். வெயிலுக்கும் செடிக் கறைக்கும் பயந்து, புடவைமேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாள். சிறுநீரகம் கெட்டு, மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த பிறகும் அந்தச் சட்டையை விடவில்லை. ஊசி குத்திக் குத்தி இடது கை நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. பஸ்ஸில் யாராவது பார்த்தால் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிடுவாள்.

ஏழு மிஷினுக்கும் நர்ஸ் கலைமதி ஒருத்திதான். சட்டையைக் கழற்றிக் கால்மாட்டில் வைக்கச் சொல்லி, ஊசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டியதும் ஒவ்வொரு முறையும் சொல்வாள்:

"ராமக்கா, கை வெளியிலயே இருக்கணும். மூடக் கூடாதுங்க."

"நீ ஏசிய மூடு, நான் கைய மூடல."

"எனக்கும் சேத்துச் சொல்லுக்கா!" என்பார் பக்கத்துப் படுக்கை சென்னப்பன்.

போன மார்கழியில் துணைக்கு நான் போனேன். ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழுத்துவரை போர்வை இருந்தும் மூன்றாவது மணி நேரத்தில் அம்மாவின் உதடு நடுங்கியது.

"கையெல்லாம் குளுருது கண்ணு."

கலைமதி கடைசிப் படுக்கையில் யாருக்கோ பி.பி. பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையை எடுத்து, போர்வைக்கு வெளியே கிடந்த ஊசி போட்ட கைமேல் போர்த்தினேன். அம்மா கண்ணை மூடினாள். தூங்கட்டும் என்று ஜன்னலோரம் போய் நின்றேன். ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது.

திரும்பி வந்தபோது செருப்பு வழுக்கியது. கட்டிலுக்கடியில் ரத்தம். சட்டை ஊறிக் கனத்திருந்தது. உடம்புக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும் ஊசி கழன்று கிடக்க, மிஷின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கத்தினேன். கலைமதி ஓடிவந்து மிஷினை நிறுத்தி, கையை அழுத்திப் பிடித்தாள்.

"கால தூக்கிப் புடிங்க!"

அம்மாவின் பாதங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜில்லிட்டிருந்தன. அதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

"ஊசி கழண்டா சில நேரம் மிஷினுக்கே தெரியாதுங்க. கண்ணால பாத்தாத்தான் உண்டு," என்றாள் கலைமதி. "யாரு மூடுனது?"

"நானேதான் இழுத்து மூடிக்கிட்டேன்," என்றாள் அம்மா. நான் குனிந்து ஊறிய சட்டையைச் சுருட்டினேன்.

அடுத்த முறை அவள் சட்டை கொண்டுவரவில்லை. கை படுக்கைமேல் திறந்து கிடந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குளுருதாம்மா?"

"இல்ல கண்ணு."

அவள் பற்கள் தட்டிக்கொள்வது எனக்குக் கேட்டது. இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.