ஏரிக்கு அப்பால் இருந்த தெரு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊராட்சி. அதன் வரலாறு, எல்லை, மக்கள் எல்லாவற்றையும் ஒரே பலகையில் எழுதி அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வாசகம் என்னுடையது. நெடுங்காலம் இங்கே புவியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள்.

நெல் விளைந்த நிலங்களையும் அவற்றின் மேல் எழுந்த தொழிற்சாலைகளையும் எழுதினேன். பழைய விவசாயக் குடும்பங்களையும், அவர்கள் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் ஷிப்டுக்கு ஒருவராக ஒரே பாயில் தூங்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகளையும் எழுதினேன். ஏரிக்கு அப்பால் பதினோரு வீடுகளோடு ஒரு தெரு இருந்தது. அதையும் எழுதியிருந்தேன். தலைவர் படித்துப் பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, அவுங்க புறம்போக்குல கீறாங்க. போர்டுல போட்டா ரோடு போடு, பைப்பு போடுன்னு வந்து நிப்பாங்க. ஏரியோட முடிச்சுக்கங்க."

முடித்துக்கொண்டேன். 'கிழக்கே ஏரி, அதற்கு அப்பால் குடியிருப்பு இல்லை.' இரண்டாவது பாதியை அவர் கேட்கவில்லை. எல்லை தெளிவாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன்.

சில வருடங்கள் கழித்துத் தொழிற்சாலைக்குப் புதுச் சாலை போட அந்தத் தெருவை அளந்தார்கள். அங்கிருந்த ஒரு பெண், என்னிடம் படித்தவள், கம்பெனி கேண்டீன் சீருடையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"சார், நாங்க நேத்து வந்து குடிசை போட்டோமாம். உங்க ஊர் போர்டுலயே இல்லியேன்னு ஆபீசர் கேக்கறாரு. நீங்கதான சார் எழுதுனது?"

"ஆமாம்மா."

"மழைல ஏரி ரொம்பி நான் ஸ்கூலுக்கு லேட்டா வந்தா வெளிய நிக்க வெப்பீங்களே. அப்ப எங்கேருந்து வந்தேன்னு நெனச்சீங்க? ஏரிக்குள்ளேருந்து மீனாட்டம் வந்தேனா?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம தாலுகா ஆபீஸ்ல விசாரணை. நீங்க வந்து தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். வாத்தியார் சொன்னா கேப்பாங்க."

"பார்க்கலாம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பேப்பர் படித்தேன். தாலுகா ஆபீஸ் போகும் பஸ் இரண்டு முறை வந்து போன சத்தம் கேட்டது. மதியம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

அந்த மாதமே வீடுகளை இடித்தார்கள். அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது.