சன்னல் யாருடையது?

எங்கள் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். தமிழோடு யாராவது ஆங்கிலத்தைக் கலந்துவிட்டால் போதும். "விண்டோவாம் விண்டோ! சன்னல்னு தமிழ்ல சொன்னா வாய் வலிக்குதா?" என்று பிடித்துக்கொள்வார். டேபிள் என்றால் மேசை, கீ என்றால் சாவி. லாரியைச் சொல்லும் லோரியும், கிராமத்தைச் சொல்லும் மலாய்க் கம்பமும் மட்டும் அவர் வாயில் தாராளமாகப் புழங்கும். அதைச் சுட்டிக்காட்டும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். போன வருடம் தம்பி, மலாக்காப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றான். அவள் போர்த்துகீசிய வம்சாவளி. மிளகையும் கிராம்பையும் தேடிக் கப்பலேறி வந்து, பீரங்கியால் மலாக்காவைப் பிடித்தவர்களில் சிலர் அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழியில் வந்த குடும்பம்.

"நம்ம பாட்டன பால்மரம் வெட்டக் கப்பல்ல ஏத்துனவன் வம்சம்டா அது!" என்று குதித்தார் அப்பா. அது வேறு வெள்ளைக்காரன், இங்கிலீஷ்காரன் என்று தம்பி சொன்னது எடுபடவில்லை. பல வாரம் கழித்துத்தான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"நம்ம வீட்டுல தமிழ் பேசணும். பேசுவாளான்னு நானே பாக்கறேன். இல்லேன்னா இந்தப் பேச்ச இதோட விட்ரு."

தம்பி ஆடிப்போனான். அவளுக்குத் தெரிந்த தமிழ் 'வணக்கம்' மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். வணக்கம் சொன்னாள். அப்பா மலாயில் நலம் விசாரித்துவிட்டு, நேரே பரீட்சைக்குப் போனார். மேசையைத் தட்டி, "பஹாசா ரூமாவில் சொல்லும்மா" என்றார். வீட்டு மொழியில் சொல் என்று அர்த்தம்.

"மேசா" என்றாள் அவள்.

அப்பாவின் புருவம் உயர்ந்தது. சன்னலைக் காட்டினார்.

"ஜனேலா."

கதவில் தொங்கிய சாவியைக் காட்டினார்.

"சாபி."

"சாபி இல்லம்மா, சாவி! ஏண்டா, நல்லாத்தானே கத்துக் குடுத்திருக்க!" என்று தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார். தம்பி திருதிருவென்று விழித்தான். வாயைத் திறக்காமல் இருந்துவிடு பெண்ணே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. "அங்கிள், இது தமிழ் இல்ல. எங்க வீட்டுல பேசற மொழி. வீட்டு மொழின்னு கேட்டீங்க, அதான் சொன்னேன்" என்றாள் மலாயில். பேசாமல் இருந்தே மருமகளாகியிருக்கலாம். அந்த நேர்மைக்காகவே அவளை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போனது.

அதற்குள் கைப்பேசியில் தேடிப் பார்த்த தம்பி மெல்லச் சொன்னான். "அப்பா, சன்னல், மேசை, சாவி எல்லாம் அவங்க வார்த்தைதாம்பா. தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கு யாவாரம் பண்ண வந்தப்ப விட்டுட்டுப் போனது."

அப்பா சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐரோப்பியர் விட்டுப்போன பீரங்கிகள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலா சிலாங்கூர்க் குன்றின் மேல் இன்னும் இருக்கின்றன, குரங்குகள் ஏறி உட்கார. அவர்களின் சொற்களோ எங்கள் வீட்டுக்குள்ளேயே குடியிருந்திருக்கின்றன, அதுவும் அப்பாவின் காவலில். எவ்வளவு பெரிய கடலைத் தாண்டி வந்த சொற்கள்! எனக்குச் சிரிப்பும் பிரமிப்புமாக வந்தது. ஆனால் அப்பா என்ன சொல்லப்போகிறாரோ என்ற பயம்தான் அதிகம்.

"கப்பலுக்கு என்னம்மா சொல்லுவீங்க?" என்று அலையில் மிதப்பதுபோல் கையை ஆட்டிக் கேட்டார்.

"மலாயில பேசறப்ப காப்பால்னுதான் அங்கிள்."

"அது நம்மளுது!" தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "அவங்க சன்னல் குடுத்திருக்காங்க, நாம கப்பல் குடுத்திருக்கோம். கொள்வினை கொடுப்பினை எப்பவோ முடிஞ்சுபோச்சு லா. இனிமே நான் யாரு வேணாம்னு சொல்ல?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கற? போயி வெத்தலத் தட்ட எடுத்துட்டு வா."